ஒரு சதுர மீட்டருக்கு நான்கு செடி

வயலைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்டால், ஒன்றும் இல்லை என்பதுதான் பதில். பி.காம். முடித்து, வங்கித் தேர்வு எழுதி வந்தவன் நான். எங்கள் வீட்டு நிலத்தை அப்பா காலத்திலேயே குத்தகைக்கு விட்டாயிற்று. சின்ன வயசில், களை எடுக்கிற பெண்களுக்குப் பாட்டி சாயங்காலம் வரப்பில் நின்றபடி கூலி எண்ணிக் கொடுத்ததைப் பார்த்ததோடு சரி. ஆனால் வடக்கே ஒரு கிராமப்புறக் கிளையில் விவசாயக் கடன் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டால், கோதுமையும் தெரியத்தான் வேண்டும், அதில் முளைக்கிற களையும் தெரியத்தான் வேண்டும்.

2012-லிருந்து 2015 வரை ஹரியானாவில் கர்னால் பக்கம் இருந்தேன். (இப்போது சண்டிகர். ஊருக்கும் எனக்கும் உள்ள தூரம் இன்னும் கொஞ்சம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான்.) களைக்கும் கம்ப்யூட்டருக்கும் உள்ள நாற்பது வருஷ உறவைப் பற்றித்தான் இன்று எழுத உட்கார்ந்தேன். அந்தச் சரித்திரத்துக்குள் நான் நுழைந்ததே ஒரு தப்புக் கணக்கு வழியாகத்தான் என்பதால், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அங்கே கோதுமைக்கு ஒரே ஒரு பெரிய எதிரி. தாவரவியல் பெயர் ஃபலாரிஸ் மைனர். ஹரியானாவில் மண்டூசி என்பார்கள், பஞ்சாபில் குல்லி டண்டா. (நம்ம ஊர்க் கிட்டிப்புள் விளையாட்டுக்கும் இங்கே அதே பெயர்தான். முதலில் கேட்டபோது ஏதோ விளையாட்டைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்துவிட்டேன்.) முளைத்து ஒரு மாசம் வரைக்கும் கோதுமைக்கும் அதற்கும் எனக்கு வித்தியாசமே தெரியாது. தெரிந்தவர்கள் அடித்தண்டைப் பார்ப்பார்கள். மண்டூசிக்கு அங்கே லேசாக ஒரு செம்மை இருக்கும். கதிர் வந்தபிறகு என்னைப் போன்ற ஆட்களுக்கும் தெரியும். அப்போது தெரிந்து பிரயோஜனம் இல்லை.

எங்கள் கிளையில் கிசான் கிரெடிட் கார்டு வைத்திருந்த ஒரு பெரியவர், ஆறு ஏக்கர்க்காரர். நான் அவரைத் தாவூஜி என்று கூப்பிடுவேன். இந்தப் பக்கம் பெரியப்பாவுக்கு அதுதான் சொல். அவர் என்னை மேனேஜர் சாப் என்பார். நான் மேனேஜர் இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்கமாட்டார். 2013 டிசம்பர் கடைசியில் பயிரைப் பார்க்கப் போனபோது, முதல் தண்ணீர் பாய்ச்சி முடித்துவிட்டு, மருந்து அடிப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். அந்த வருஷம் மண்டூசி குறைச்சல். கையில் காசும் குறைச்சல்.

அதற்கு ஒரு மாசம் முன்னால்தான் ஒரு பயிற்சி வகுப்பில் 'பொருளாதாரச் சேதநிலை' என்று ஒரு விஷயத்தைக் கேட்டுவிட்டு வந்திருந்தேன். காமர்ஸ்காரனுக்கு அது அல்வா மாதிரி. லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை என்கிற புள்ளியைக் கண்டுபிடிக்கிற அதே பழைய கணக்கு, வயலுக்கு வந்திருக்கிறது. நாலு குச்சியும் சணல் கயிறும் வைத்து ஒரு சதுர மீட்டருக்குச் சட்டம் கட்டினோம். வயலில் பத்து இடத்தில் போட்டு எண்ணினோம். எண்ணியது அவர், எழுதியது நான். சராசரி, சதுர மீட்டருக்கு நான்கு செடி.

கணக்கு இதுதான். ஏக்கருக்கு இருபது குவிண்டால் விளைச்சல். அந்தப் பருவக் கோதுமைக்கு அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 1,400 ரூபாய். ஆக ஏக்கருக்கு 28,000. சதுர மீட்டருக்கு ஒரு மண்டூசி இருந்தால் விளைச்சலில் அரை சதவீதம் போகும் என்று வைத்துக்கொண்டேன். அதாவது 140 ரூபாய். மருந்து நூற்றுக்குத் தொண்ணூறு களையைக் கொல்லும் என்றால், ஒரு செடிக்குக் காப்பாற்றுவது 126 ரூபாய். மருந்தும் அடிகூலியும் சேர்த்து ஏக்கருக்கு 630. 630-ஐ 126-ஆல் வகுத்தால் ஐந்து. ஐந்து செடிக்கு மேல் இருந்தால் அடிக்கலாம், கீழே இருந்தால் அடிப்பது கைநஷ்டம். இங்கே இருப்பது நான்கு.

"தாவூஜி, இந்த வருஷம் அடிக்காதீங்க" என்றேன். செலவு செய்யாமல் விட்ட பணம் ஆறு ஏக்கருக்கு 3,780 ரூபாய். களை தின்னப்போவதைக் கழித்தால், நிகர லாபம் ஏக்கருக்கு 126 ரூபாய். பேங்க்காரன் நோட்டில் எழுதிக் காட்டிச் சொல்கிறானே என்று அவரும் கேட்டுக்கொண்டார்.

இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்ததெல்லாம் பிறகுதான்.

கையால் களை எடுத்த காலத்தில் இப்படி ஒரு கேள்வியே கிடையாது. களை இருந்தால் எடுப்பார்கள், ஆள் கிடைக்காவிட்டால் விடுவார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1940-களின் நடுவில், 2,4-டி என்ற மருந்து அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அகன்ற இலைச் செடிகளைக் கொல்லும். புல் இனமான கோதுமையையும் மக்காச்சோளத்தையும் விட்டுவிடும். அடுத்த இருபது முப்பது வருஷத்தில் பயிருக்கு ஒரு மருந்து, களைக்கு ஒரு மருந்து என்று வரிசையாக வந்துவிட்டன. அடிப்பது ஒரு சடங்காகிப் போனது. களை இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. இன்ஷூரன்ஸ் பிரீமியம் மாதிரி வருஷா வருஷம் கட்டிவிடுவது.

அடிக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வியை ஒழுங்காகக் கேட்டவர்கள் களைக்காரர்கள் இல்லை, பூச்சிக்காரர்கள். 1959-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டெர்ன், ஸ்மித், வான் டென் பாஷ், ஹேகன் என்ற நான்கு பேர் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். பூச்சி இருக்கிறது என்பதற்காக மருந்து அடிக்காதே, அது பெருகிப் பணநஷ்டம் தரும் கட்டத்தை எட்டப்போகிறது என்றால் அடி என்பது அதன் சாரம். பொருளாதாரச் சேதநிலை என்ற யோசனை அதிலிருந்துதான் பரவியது.

இதைக் களைக்குக் கொண்டுவர வேண்டுமானால், ஒரு களைச்செடி எவ்வளவு விளைச்சலைத் தின்னும் என்று தெரிய வேண்டும். கொஞ்சம் களை இருந்தால் பயிருக்கு ஒன்றும் ஆகாது, ஒரு அளவைத் தாண்டினால்தான் ஆபத்து என்று நினைத்தவர்கள் உண்டு. 1985-ல் இங்கிலாந்தில் ரோஜர் கஸின்ஸ் என்பவர் பல வயல் சோதனைகளின் விவரங்களை எடுத்து, எந்த வளைகோடு நன்றாகப் பொருந்துகிறது என்று போட்டுப் பார்த்தார். கிடைத்த விடை நேர் எதிர். இருப்பதிலேயே அதிகச் சேதம் செய்வது முதல் செடிதான். அதற்குப் போட்டியாக வேறு களை இல்லை. வெயில், தண்ணீர், உரம் எல்லாவற்றிலும் தாராளமாகப் பங்கு கேட்கும். களை கூடக் கூட, அவை தங்களுக்குள்ளேயே அடித்துக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு புதுச் செடியும் கூடுதலாகச் செய்யும் சேதம் குறைந்துகொண்டே வந்து, மொத்தச் சேதம் ஒரு உச்சத்தில் நின்றுவிடும். இதற்கு இரண்டே எண் போதும்: முதல் செடியின் சேதம், உச்சபட்சச் சேதம். பிறகு வந்த கம்ப்யூட்டர் மாடல்களில் பெரும்பாலானவற்றின் அடியில் இந்தச் சூத்திரம் உட்கார்ந்திருக்கிறது.

பி.சி. என்ற பெட்டி வீட்டுக்கும் ஆபீஸுக்கும் வந்துகொண்டிருந்த காலம் அது. 1991-ல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கெய்ல் வில்கர்சன், ஹரால்ட் கோபிள் முதலானோர் 'ஹெர்ப்' என்ற மென்பொருளைப் பற்றி எழுதினார்கள். சோயா மொச்சை வயலுக்கானது. அங்கே ஒரே வயலில் பத்துவகைக் களை கலந்து முளைக்கும். எல்லாவற்றையும் ஒரே தராசில் எப்படி நிறுப்பது? கோபிள் ஒரு வழி வைத்திருந்தார். காக்கில்பர் என்று ஒரு செடி; அதன் முள்ளுக் காய் துணியில் ஒட்டிக்கொண்டால் லேசில் வராது. சோயாவுக்கு அதுதான் பெரிய வில்லன். அதற்குப் பத்து மார்க். மற்ற களைகளுக்கு அதோடு ஒப்பிட்டுப் பத்துக்கு இவ்வளவு என்று மார்க். வயலில் எண்ணிய எண்ணிக்கையை மார்க்கால் பெருக்கிக் கூட்டினால் மொத்தக் களைச் சுமை வந்துவிடும். களையின் உயரம், மண்ணின் ஈரம், எதிர்பார்க்கும் விளைச்சல், விலை ஆகியவற்றையும் கொடுத்தால், எந்த மருந்து அடித்தால் எவ்வளவு நிகர லாபம் என்று வரிசைப்படுத்திக் காட்டும். எதுவும் அடிக்காமல் விடுவதே மேல் என்றும் சில சமயம் வரும்.

ஒரு களைக்கொல்லி ஆலோசகர் "வாங்காதே" என்று சொல்வதை யோசித்துப் பாருங்கள். மருந்துக் கடைக்காரர் சொல்வாரா? இதைப் படித்தபோது எனக்கு அவர்கள் மேல் மரியாதை வந்தது. இப்போதும் இருக்கிறது.

இதே வழியில் நெப்ராஸ்காவில் 'வீட்சாஃப்ட்' வந்தது. பக்கத்து மாநிலங்கள் சிலவும் அதில் சேர்ந்துகொண்டன. டென்மார்க்கில் அரசாங்கமே 1986-ல் ஒரு திட்டம் போட்டது. பூச்சி மருந்து, களை மருந்து எல்லாம் சேர்த்து 1997-க்குள் பயன்பாட்டைப் பாதியாக்க வேண்டும். அதற்கு உதவியாக அங்கே எழுதிய கணினி நிரல் இன்னொரு படி மேலே போனது. அடிக்கலாமா என்பதோடு நிற்காமல், லேபிளில் போட்டிருக்கும் அளவில் எத்தனை பங்கு அடித்தால் போதும் என்றும் சொன்னது. சின்னக் களைக்கு முழு அளவு எதற்கு என்பது அவர்கள் வாதம்.

சரி, விவசாயிகள் இதையெல்லாம் வைத்துக்கொண்டு ஓஹோ என்று இருந்தார்களா என்றால், இல்லை. எண்ணுவது யார்? அமெரிக்கப் பண்ணை நூற்றுக்கணக்கான ஏக்கர். களை வயல் முழுக்க ஒரே சீராக முளைப்பதுமில்லை. இங்கே திட்டாக ஐம்பது, அங்கே சுத்தமாக ஒன்றுமில்லை. சராசரி நான்கு என்பது எந்த மூலையிலும் உண்மையாக இருக்காது. அதற்குள் 1996-ல் கிளைஃபோசேட் மருந்தைத் தாங்கும் மரபணு மாற்றச் சோயா அமெரிக்காவில் வந்துவிட்டது. பயிர் சாகாது, மற்ற எல்லாம் செத்துவிடும். எண்ணவும் வேண்டாம், மார்க் போடவும் வேண்டாம். எந்தக் களைக்கு எந்த மருந்து என்ற கேள்வியே காணாமல் போனால், அதற்குப் பதில் சொல்லும் மென்பொருள் யாருக்கு வேண்டும்?

தாவூஜி வயலுக்கு வருகிறேன். 2014 ஏப்ரலில் அறுவடை. நல்ல மகசூல். என் கணக்கு பலித்துவிட்டது என்று எனக்கு ஏகப் பெருமை. அவரும் ஒரு டப்பா லட்டு கொண்டுவந்து கவுன்ட்டரில் வைத்தார்.

அந்த டிசம்பரில் மறுபடி போனேன். இந்தத் தடவை அவரே சட்டத்தைப் போட்டு எண்ணி வைத்திருந்தார். சதுர மீட்டருக்கு முப்பத்தெட்டு. உடனே மருந்து அடித்தார். முக்கால்வாசி செத்தது, மிச்சம் மஞ்சளாகிப் பிறகு பச்சையாகிவிட்டது. 2015-ல் எனக்கு மாற்றல். 2016 ஜனவரியில் போன் வந்தது. இரண்டு தடவை அடித்தும் நிற்கிறது என்றார். "மேனேஜர் சாப், இப்ப உங்க சட்டத்தைக் கொண்டுவந்தாலும் எண்ண முடியாது." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

எங்கே தப்பு? வகுத்ததும் பெருக்கியதும் சரிதான். நான் விட்டுவைத்த நான்கு செடியும் அந்த வருஷத்துக் கோதுமையை அவ்வளவாகத் தின்னவில்லை. அவை செய்தது வேறு வேலை: விதை போட்டன. ஒரு மண்டூசிச் செடி நூற்றுக்கணக்கில் விதை உதிர்க்கும். முந்நூறு என்று வைத்தாலும், சதுர மீட்டருக்கு 1,200. ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். ஏக்கருக்கு 48 லட்சத்துக்கு மேல். ஆறு ஏக்கருக்கு ஏறக்குறைய 2.9 கோடி விதை. மருந்து அடித்திருந்தால் இதில் பத்தில் ஒரு பங்குதான் விழுந்திருக்கும். இதற்கு நான் தாவூஜிக்குச் சம்பாதித்துக் கொடுத்தது ஏக்கருக்கு 126 வீதம் 756 ரூபாய்.

மண்ணுக்குள் காத்துக் கிடக்கும் இந்த விதைகளுக்குக் களை விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பெயர் 'விதை வங்கி'. வங்கிக்காரனுக்கு இதைவிட அவமானம் வேண்டுமா :-) பிளஸ் டூ கணக்குப்பதிவியலிலேயே சொல்லிக் கொடுத்தார்கள், லாப நஷ்டக் கணக்கு வேறு, இருப்புநிலைக் குறிப்பு வேறு என்று. நான் முதலாவதை மட்டும் எழுதிவிட்டு எழுந்துவிட்டேன். பொறுப்புகள் பக்கத்தில் 2.9 கோடி ஏறியதைப் பார்க்கவே இல்லை.

எனக்கு ஆறுதலான விஷயம், பெரியவர்களும் இதே இடத்தில் சறுக்கியிருக்கிறார்கள். ஆறுதல் தராத விஷயம், அவர்களுக்கு இது முன்பே தெரிந்திருந்தது. 1986-லேயே கஸின்ஸும் கூட்டாளிகளும் கோதுமையில் காட்டு ஓட்ஸ் களைக்கு, இந்த வருஷச் சேதத்தோடு வருங்கால விதையையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். எத்தனை செடி வரை விடலாம் என்ற எண் கணிசமாகக் கீழே இறங்கிவிட்டது. ஆனாலும் ஐந்து வருஷம் கழித்து வந்த 'ஹெர்ப்' ஒரு பருவக் கணக்குதான் போட்டது. பத்துவகைக் களைக்கும் விதை எத்தனை விழும், எத்தனை வருஷம் உயிரோடு கிடக்கும் என்ற விவரங்களைச் சேர்ப்பது லேசான வேலை இல்லை. கையில் இருக்கும் எண்ணை வைத்துக் கணக்குப் போடுவது, இல்லாத எண்ணைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்வது என்ற பழக்கம் எங்கள் தொழிலிலும் உண்டு. கலிஃபோர்னியாவில் ராபர்ட் நாரிஸ் 1990-களில் இதைச் சண்டையாகவே போட்டார். பூச்சிக்கு எழுதிய சூத்திரத்தைக் களைக்கு அப்படியே மாட்டாதீர்கள், களைக்கு வருஷக்கணக்கில் விதை கிடக்கிறது என்பது அவர் கட்சி.

அமெரிக்காவில் அது கண்முன்னே நடந்தது. கிளைஃபோசேட்டையே நம்பியிருந்த வயல்களில் பால்மர் அமராந்த் தலையெடுத்தது. நம்ம கீரைத்தண்டுக்குச் சொந்தக்காரச் செடிதான். ஒரு பெண் செடி லட்சக்கணக்கில் விதை போடும். 2000-களின் நடுவில் ஜார்ஜியா மாநிலத்தில் கிளைஃபோசேட்டுக்குச் சாகாத பால்மர் உறுதியானது. அதன்பிறகு ஆர்கன்சாஸ் பக்கத்து ஆய்வாளர்கள் விவசாயிகளிடம் சொன்ன சேதநிலை என்ன தெரியுமா? பூஜ்யம். ஒன்றைக்கூட விதைக்க விடாதே.

கர்னால்காரர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. இங்கே 1980-களில் மண்டூசிக்கு ஐசோபுரோட்டூரான் என்ற மருந்துதான் சர்வரோக நிவாரணி. விலை மலிவு. தெளிக்கக்கூட வேண்டாம் என்று மணலிலோ யூரியாவிலோ கலந்து கையால் வீசியவர்கள் நிறைய. ஒரு இடத்தில் கூட விழும், ஒரு இடத்தில் குறைய விழும். நெல்லுக்குப் பின் கோதுமை, கோதுமைக்குப் பின் நெல், வருஷா வருஷம் அதே மருந்து. (குறைந்த அளவில் திரும்பத் திரும்ப அடித்தால் ரைகிராஸ் என்ற களை சில தலைமுறைகளிலேயே மருந்தைத் தாங்கப் பழகிவிடுகிறது என்று 2005-ல் ஆஸ்திரேலியாவில் நீவ், பவுல்ஸ் இருவரும் சோதித்துக் காட்டினார்கள். டென்மார்க் யோசனைக்கு இப்படி ஒரு மறுபக்கம்.) 1990-களின் தொடக்கத்தில் மருந்து பலிக்காமல் போயிற்று. மோசமான வயல்களில் கோதுமையைப் பச்சையாகவே அறுத்து மாட்டுக்குப் போட்டார்கள். ஹிசார் வேளாண் பல்கலைக்கழகத்தின் மாலிக், சமுந்தர் சிங் இருவரும் இது மருந்தின் தரக் கோளாறு இல்லை, களையே மாறிவிட்டது என்று நிரூபித்தார்கள். கோதுமை எப்படி அந்த மருந்தைத் தன் உடம்பில் சிதைத்துத் தப்பிக்கிறதோ, அதே வித்தையை மண்டூசியும் கற்றுக்கொண்டிருந்தது.

1997-98 வாக்கில் குளோடினாஃபாப், சல்ஃபோசல்ஃபுரான் என்று புது மருந்துகள் வந்தன. அதே காலத்தில் உழாமல், நெல் தாள் நிற்கும்போதே கோதுமை விதைக்கிற முறையும் ஹரியானாவில் பரவியது. மண்ணைக் கிளறாவிட்டால் ஆழத்தில் கிடக்கும் மண்டூசி விதை மேலே வராது. ஆனால் மருந்து வாங்குவது சுலபம், முறையை மாற்றுவது கஷ்டம். 2008-ல் கர்னால் கோதுமை ஆராய்ச்சி இயக்ககத்திலிருந்து, ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துவகைகளுக்கு மண்டூசி கட்டுப்படவில்லை என்று எழுதிவிட்டார்கள். நான் தாவூஜியின் வயலில் சட்டம் போட்டது அதற்கு ஐந்து வருஷம் பின்னால். மருந்துக்குச் சாகாத விதையை உண்டாக்கியது நான் இல்லை. அதைப் பெருக்கிக் கொடுத்தது என் கணக்கு.

இதற்குப் பிறகு நான் படித்ததில் மனசுக்குப் பிடித்தது ஆஸ்திரேலியாக்காரர்களின் கதை. அங்கே வில்லன் ரைகிராஸ். ஆட்டுக்குத் தீவனம் என்று அவர்களே விதைத்து வளர்த்த புல். கோதுமை வயலில் அதுவே களையாயிற்று. 1982-லேயே தெற்கு ஆஸ்திரேலியாவில் மருந்துக்கு மசியாத ரைகிராஸைக் கண்டுபிடித்துவிட்டார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் இது தலைக்குமேல் போனபோது, டேவிட் பானெல் என்ற வேளாண் பொருளாதார நிபுணரும் கூட்டாளிகளும் 'ரிம்' என்ற மாடலை உருவாக்கினார்கள். அதைப் பற்றிய முழுக் கட்டுரை 2004-ல் வந்தது. அது என்ன பெரிய மென்பொருள் என்று திறந்து பார்த்தால், எக்செல் கோப்பு! வங்கியில் தினமும் கட்டி அழுகிற அதே கட்டம்.

'ஹெர்ப்' இந்த வாரம் என்ன அடிக்கலாம் என்று சொல்லும். 'ரிம்' அப்படி எதுவும் சொல்லாது. பல வருஷக் கட்டம் போட்டிருக்கும். முதல் வருஷம் கோதுமையா, பார்லியா, மேய்ச்சலா என்று நாம்தான் நிரப்ப வேண்டும். விதைப்பைத் தள்ளிப்போடுவது, விதை அளவைக் கூட்டுவது, அறுவடையில் பதரோடு வரும் களைவிதையைப் பிடித்து அழிப்பது, மருந்து என்று முப்பதுக்கும் மேற்பட்ட வழிகள். வேண்டியதை டிக் பண்ணலாம். உடனே ஒவ்வொரு வருஷமும் சதுர மீட்டருக்கு எத்தனை ரைகிராஸ், மண்ணில் எத்தனை விதை, கையில் எத்தனை டாலர் என்று காட்டும். லாப நஷ்டமும் இருப்புநிலைக் குறிப்பும் ஒரே தாளில். விவசாயிகளைக் கூட்டமாக உட்காரவைத்து, நீங்களே போட்டுப் பாருங்கள் என்று விட்டார்கள். ரைகிராஸ் விதை மண்ணில் ரொம்ப வருஷம் தாங்காது. நாலைந்து வருஷம் புது விதை விழாமல் தடுத்தால் வங்கி கிட்டத்தட்ட காலி. ஆனால் நடுவில் ஒரு வருஷம் அசந்தால் பழையபடி ஏறிவிடும். இதைப் பிரசங்கமாகக் கேட்பதற்கும், தன் கையால் ஒரு டிக்கை எடுத்துவிட்டு அடுத்த வரிசையில் எண் எகிறுவதைப் பார்ப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

இதே அச்சில் 2012-ல் பிலிப்பைன்ஸ் நெல் வயலுக்கு, நம்ம ஊர் நெல்லில் பயிர் மாதிரியே நிற்குமே, அந்தக் குதிரைவாலிப் புல்லுக்கு ஒரு மாடல் போட்டார்கள். ஆர்கன்சாஸில் பால்மருக்கு ஒன்று 2017-ல் வந்தது.

2017 தீபாவளி விடுமுறையில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கர்னால் போனேன். 'ரிம்' மாதிரியே நானே எக்செல்லில் மண்டூசிக்கு ஒரு கட்டம் போட்டிருந்தேன்; என் எண்களெல்லாம் உத்தேசம்தான். தாவூஜி, அவர் மகன், பத்தாவது படிக்கும் பேரன் மூவரும் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தார்கள். பேரன்தான் மௌஸைப் பிடித்துக்கொண்டான். இரண்டு ஏக்கரில் கோதுமைக்குப் பதில் பெர்சீம் என்ற தீவனப் பயிரைப் போட்டுப் பார்த்தான். அதைத் திரும்பத் திரும்ப அறுப்பதால் கூட முளைக்கும் மண்டூசியும் கதிர் விடாமல் அறுபடும். மூன்று வருஷத்தில் விதை எண் சரசரவென்று இறங்கியது. உழாத விதைப்பு, அக்டோபர் கடைசியிலேயே விதைப்பது, மருந்தை வருஷத்துக்கு ஒன்றாக மாற்றுவது, தப்பிய செடியை விதை முற்றுமுன் ஆள் விட்டுப் பிடுங்குவது என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தான். ஆறாவது வருஷத்திலிருந்து நல்ல லாபம். முதல் மூன்று வருஷம் வருமானம் குறைச்சல்.

தாவூஜி அந்த மூன்று வரிசையில் விரலை வைத்தார். "இந்த மூணு வருஷம் உங்க பேங்க் காத்துக்கிட்டு இருக்குமா?"

பயிர்க் கடன் ஒரு பருவக் கணக்கு. அறுவடை ஆனதும் கட்டிப் புதுப்பித்தால்தான் வட்டிச் சலுகை. மண்ணில் எவ்வளவு விதை கிடக்கிறது என்று எங்கள் மனுவில் ஒரு காலம்கூட கிடையாது. நான் 2013-ல் போட்ட கணக்கை நாங்கள் எல்லாருமே தினமும் போட்டுக்கொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. அவருக்கு என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. ஏதோ மழுப்பியிருப்பேன்.

அவர்கள் ஆறு ஏக்கரிலும் செய்யவில்லை. இரண்டு ஏக்கரில் பெர்சீம் போட்டு, வீட்டு எருமைக்குப் போக மீதியைப் பக்கத்துப் பால்பண்ணைக்கு விற்றார்கள். பணம் அதிகம் குறையவில்லை. அப்புறம் அடுத்த இரண்டு ஏக்கர் என்று சுற்றிவந்தார்கள். ஒரு வருஷம் கோதுமை விலை நன்றாக இருந்ததால் பெர்சீமே போடவில்லை. அதற்கடுத்த வருஷம் அதன் பலனையும் பார்த்தார்கள்.

போன ஜனவரியில் ஒரு கல்யாணத்துக்குப் போனவன் வயலுக்கும் போனேன். தாவூஜிக்கு நடை தளர்ந்துவிட்டது. பழைய சட்டத்தை மாட்டுக்கொட்டகைச் சுவரில் மாட்டி வைத்திருந்தார்கள். சணல் போய் நைலான் கயிறு கட்டியிருந்தது. மருந்து அடித்து மூன்று வாரம் ஆன வயல். பேரன் சட்டத்தைப் போட்டான். மூன்று செடி. நான் வாயைத் திறப்பதற்குள் தாவூஜி தடியை ஊன்றிக் குனிந்து, அடித்தண்டின் நிறத்தைப் பார்த்து, மூன்றையும் வேரோடு பிடுங்கிப் பேரன் கையில் கொடுத்தார். மிச்சத்துக்கு நாளைக்கு ஆள் வருகிறார்கள் என்றார்.